அப்பாவின் வயிற்றுப்புண் மாத்திரையும் மகளின் கண் சொட்டு மருந்தும் ஒரே வகையா? பைரென்செபின் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பொங்கோல்_அப்பா:

வணக்கம். மருந்தியல் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விளக்குங்கள். நான் கணக்காய்வு வேலை பார்ப்பவன், வேதியியலை உயர்நிலை 4 முடிந்த கையோடு தலைமுழுகியவன்.

போன சனிக்கிழமை அம்மா வீட்டு ஸ்டோர்ரூமை ஒழித்தபோது ஒரு பழைய கொங் குவான் பிஸ்கட் தகரம் கிடைத்தது. அப்பா கப்பலில் என்ஜின் அறையில் இருந்தவர், இப்போது இல்லை. தகரத்துக்குள் காலாவதியான கடவுச்சீட்டு, ரப்பர் பேண்டு உருகி ஒட்டிக்கொண்ட ஒரு கடிதக் கட்டு, அடியில் ஒரு மாத்திரை அட்டை. நான்கு குழிகள் காலி, மீதியில் வெள்ளை மாத்திரை மஞ்சளாகிக் கிடக்கிறது. பின்பக்கம் ஜெர்மன் எழுத்தில் காஸ்ட்ரோசெபின் என்று இருக்கிறது. அம்மாவைக் கேட்டேன். 83ஆம் ஆண்டு ஹாம்பர்க்கில் கப்பல் நின்றபோது வயிற்றுப்புண்ணுக்கு அங்கே ஒரு டாக்டர் கொடுத்தாராம், வயிறு அடங்கியது ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது என்று அப்பா புலம்பிக்கொண்டே இருப்பாராம்.

அந்தப் பெயரைத் தேடினால் உள்ளே இருப்பது பைரென்செபின். சரி என்று மேலே படித்துக்கொண்டே போனால் இதே மருந்தைக் கண்ணில் போடும் களிம்பாக்கிச் சிங்கப்பூர்ப் பிள்ளைகளிடமே கிட்டப்பார்வைக்குச் சோதித்திருக்கிறார்கள்! என் மகள் தொடக்கநிலை 3, ஏற்கனவே 225 டிகிரி (கண்ணாடி பவர் மைனஸ் 2.25), இரவில் 0.01 விழுக்காடு அட்ரோபின் சொட்டு போடுகிறோம். அதுவும் இந்த வகைதானாம். 'தேர்ந்தெடுத்துத் தடுக்கும் மஸ்கரினிக் மருந்து' என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். தேர்ந்தெடுப்பது என்றால் வயிற்றை மட்டும் என்றுதானே அர்த்தம்? அப்புறம் எப்படிக் கண்ணுக்கு வந்தது, அப்பாவுக்கு ஏன் வாய் காய்ந்தது?

சும்மா_வந்தேன்:

முதலில் ஒன்று சொல்லுங்கள், அந்த மஞ்சள் மாத்திரையில் ஒன்றை ருசி பார்க்கவில்லையே? நாற்பது வருட மாத்திரையைப் பார்த்ததும் "எனக்கும் நெஞ்செரிச்சல் இருக்கிறது" என்று நினைக்கும் ஆட்களை எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் ஒருவரைப் பார்க்கிறேன்.

ஓய்வுபெற்ற_மருந்தாளர்:

பொங்கோல் தம்பி, நல்ல கேள்வி. எனக்கு வயது 71, இந்த மருந்து புதிதாக வந்த காலத்தில் அதைப் பற்றிப் படித்துவிட்டு நாங்கள் அடைந்த பரவசம் இன்னும் நினைவிருக்கிறது, அதனால் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடிப்படையிலிருந்து வருகிறேன். நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் ஒரு கட்டளை மாதிரி. வயிற்றுக்கு அமிலம் சுர என்கிறது, வாய்க்கு எச்சில் ஊறு என்கிறது, இதயத்தை மெதுவாகப் போ என்கிறது, கண்மணியைச் சுருங்கு என்கிறது. கட்டளையை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் இரண்டு பெரிய குடும்பம் உண்டு என்று 1914இல் ஹென்றி டேல் பிரித்துக் காட்டினார். காளான் விஷமான மஸ்கரினுக்கு இசைவது மஸ்கரினிக், புகையிலையின் நிக்கோட்டினுக்கு இசைவது நிக்கோட்டினிக். மஸ்கரினிக் குடும்பம் முழுவதையும் ஒரே போடாக அடைப்பது அட்ரோபின். நம் ஊர் ஊமத்தையில் இருப்பதும் அதுவும் அதன் உறவுகளும்தான். ஊமத்தங்காய் தின்றவனுக்கு வாய் உலரும், கண்மணி விரியும், உடம்பு கொதிக்கும், இதயம் படபடக்கும், சிறுநீர் இறங்காது, கடைசியில் பிதற்றுவான். உன்மத்தம் என்ற சொல்லிலிருந்துதான் ஊமத்தை வந்தது என்பார்கள், செடிக்குப் பெயர் வைத்தவன் மருந்தியல் தெரிந்தவன்.

இப்போது வயிற்றுப்புண் நோயாளியை நினைத்துப் பாருங்கள். அமிலத்தைக் குறைக்க அட்ரோபின் கொடுத்தால் அமிலம் குறையும், கூடவே மேலே சொன்ன அத்தனையும் வரும். அந்த நிலைமையில்தான் ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் பைரென்செபினைக் கொண்டுவந்தது. அமிலம் குறைகிற அளவில் கொடுத்தால் இதயமும் கண்மணியும் அவ்வளவாக அசையவில்லை! ஏன் என்று ஆராய்ந்தவர்கள் 1980இல் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: மஸ்கரினிக் ஏற்பி ஒன்றல்ல, பைரென்செபின் இறுக்கமாகப் பிடிப்பது ஒரு வகை, தளர்வாகப் பிடிப்பது இன்னொரு வகை. முதலாவதுதான் எம்1. ஒரு மருந்து தன் நடத்தையாலேயே ஏற்பியை இரண்டாகப் பிரித்துக் காட்டியது, மரபணுவைப் பிரித்தெடுத்து எம்1 முதல் எம்5 வரை ஐந்து உண்டு என்று உறுதியானது அதன் பிறகு, 80களின் பிற்பகுதியில். இது சாதாரண விஷயமில்லை தம்பி. எத்தனையோ மருந்து வந்து போகிறது, உடம்பின் வரைபடத்தைத் திருத்தி எழுதவைத்தது சிலதுதான்.

இன்னொரு சங்கதி. அதன் வேதி வடிவம் மனச்சோர்வு மருந்தான இமிப்ரமின் போல மூன்று வளையம் கொண்டது, பார்த்தால் மூளைக்குள் போய்விடும் என்றுதான் தோன்றும். ஆனால் தண்ணீரில் நன்றாகக் கரையும், கொழுப்பில் சேராது, ஆகவே மூளையின் வேலியைத் தாண்டுவது மிகக் குறைவு. ஊமத்தையின் பிதற்றல் இதில் இல்லாததற்குக் காரணம் அது. அதே குணத்தால் குடலிலிருந்தும் சரியாக ஏறாது, விழுங்கியதில் கால்வாசி சொச்சம்தான் இரத்தத்துக்குப் போகும், அதனால்தான் 50 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளை. உங்கள் அட்டையிலும் 50 என்று போட்டிருக்கும், பாருங்கள்.

பொங்கோல்_அப்பா:

ஐயா, 50 என்றுதான் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு அம்மாவிடம் ஊமத்தை பற்றிச் சொன்னேன், "சிவன் கோயிலுக்குப் பூ பறிக்கும்போதே கையைக் கழுவச் சொல்வார்கள்" என்றார். ஆனால் என் கேள்வி இன்னும் நிற்கிறது. இவ்வளவு பொறுக்கித் தடுக்கும் மருந்து என்றால் அப்பாவுக்கு வாய் ஏன் காய்ந்தது?

ஆய்வகத்து_எலி:

ஐயா சொன்னது வரலாறாகச் சரி, ஆனால் ஒரு முடிச்சை அவிழ்க்காமல் விட்டுவிட்டார். நான் ஏற்பி ஆராய்ச்சியில் ஐந்து வருடம் எலிகளோடு குப்பை கொட்டியவன், இந்தத் 'தேர்ந்தெடுக்கும்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் ஏறும்.

தேர்ந்தெடுப்பது ஏற்பியை, உறுப்பை இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பியில் எம்3 அதிகம், எம்1உம் இருக்கிறது. ஆக உங்கள் அப்பாவின் நாக்கு ஒட்டியதற்கு மருந்து எதையும் மீறத் தேவையே இல்லை, அது தேடும் வீடு அந்தத் தெருவிலும் இருக்கிறது, அவ்வளவுதான். இது முதல் விஷயம்.

இரண்டாவது, பைரென்செபின் எம்1ஐப் பிடிப்பது எம்2ஐப் பிடிப்பதைவிடச் சில பத்து மடங்கு இறுக்கம், எம்4ஐ ஒப்பிட்டால் வித்தியாசம் சில மடங்குதான். அதாவது 'எம்1க்கு மட்டும்' என்பது ஒரு குறிப்பிட்ட அடர்த்தி வரைக்கும்தான் உண்மை. அதைத் தாண்டினால் மற்றவையும் ஒவ்வொன்றாக அடைபடும்.

வயிற்றுக் கதையே எடுத்துக்கொள்ளுங்கள். அமிலம் சுரக்கும் செல்லின் மேலே இருப்பது எம்3. ரொம்ப காலமாகச் சொல்லப்பட்ட விளக்கம் என்னவென்றால், வேகஸ் நரம்பிலிருந்து கட்டளை வரும் வழியில் இரைப்பைச் சுவருக்குள் உள்ள நரம்பு முடிச்சுகளில் எம்1 இருக்கிறது, பைரென்செபின் அங்கேயே மறித்துவிடுகிறது என்பது. கேட்க அழகாக இருக்கிறது. 2005இல் ஜப்பானில் எம்1 மரபணு நீக்கிய சுண்டெலிகளை வைத்துப் பார்த்தபோது அமிலத்துக்குப் பொறுப்பு எம்3உம் எம்5உம், எம்1 அல்ல என்று வந்தது. சுண்டெலி மனிதன் இல்லைதான். இருந்தாலும் பாடப்புத்தகத்தில் அம்புக்குறி போட்டு வரைந்த படத்தை நான் அதற்குப் பிறகு நம்பி வரைவதில்லை.

கண் விஷயம் இன்னும் வேடிக்கை. கோழிக்குஞ்சின் ஒரு கண்ணை மங்கலான மூடியால் மறைத்தால் அந்தக் கண் நீண்டு வளர்ந்து கிட்டப்பார்வை வரும், பைரென்செபின் கொடுத்தால் அது மட்டுப்படும். ஆனால் கோழிக்கு எம்1 ஏற்பியே கிடையாது! எம்1க்கு என்று பெயர் வாங்கிய மருந்து எம்1 இல்லாத பிராணியில் வேலை செய்கிறது. எம்4 வழியாக இருக்கலாம் என்பதற்கு ஆதரவான ஆய்வுகள் உண்டு, மஸ்கரினிக்கே இல்லாத வேறு ஏற்பிகள் வழியாகவும் இருக்கலாம் என்று ஒரு கட்சி உண்டு. ஏன் இப்படி என்றால், பிள்ளைகளிடம் சோதித்த களிம்பில் மருந்து 2 விழுக்காடு. கணக்குப் போட்டால் அந்தக் களிம்பின் அடர்த்தி எம்1ஐப் பிடிக்கத் தேவையானதைவிடப் பத்து இலட்சம் மடங்குக்கும் மேல். கண்ணுக்குள் போய்ச் சேருவது அதில் சிறு துளிதான், ஆனாலும் அந்த அளவில் நின்றுகொண்டு 'இது பொறுக்கி எடுக்கும் மருந்து' என்று சொல்வது, தேக்கா சந்தையையே மொத்தமாக வாங்கிவிட்டு நான் கத்திரிக்காய் மட்டும் பொறுக்கினேன் என்பது போல.

ஓய்வுபெற்ற_மருந்தாளர்:

எலியாரே, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கத்திரிக்காய் உவமை கொஞ்சம் அநியாயம். மாத்திரையாகக் கொடுத்த அளவில் பொறுக்கல் உண்மையாகவே இருந்தது, நோயாளிகளுக்கு இதயப் படபடப்பு வரவில்லை. சொல்லப்போனால் சிறு அளவில் நாடித்துடிப்பு சற்றுக் குறையவே செய்யும். அந்தக் காலச் சோதனைகளில் புண்ணை ஆற்றுவதில் சிமெடிடினுக்குக் கிட்டத்தட்ட நிகராகவும் நின்றது.

தம்பி, இது ஏன் பெரிதாக வரவில்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். அதன் குறை ஒன்றுமில்லை, நேரம் சரியில்லை. ஹிஸ்டமின் வழியை அடைக்கும் சிமெடிடின் ஏற்கனவே 1976இல் வந்துவிட்டது, வாயும் காயாது. 80களின் முடிவில் ஒமெப்ரசோல் வந்து அமிலம் சுரக்கும் பம்பையே நிறுத்தியது. அதற்கும் மேல், பெரும்பாலான புண்ணுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி என்று ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் கண்டுபிடித்தது உங்கள் அப்பா ஹாம்பர்க்கில் மாத்திரை வாங்கிய அதே காலம்தான். அவருடைய புண்ணுக்கும் ஒருவேளை இரண்டு வார ஆன்டிபயாட்டிக் போதுமானதாக இருந்திருக்கும். அவர்கள் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

தோபாயோ_அக்கா:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்குக் கோழிக்குஞ்சும் சுண்டெலியும் வேண்டாம், என் மாமியாருக்கு நடந்ததைச் சொல்கிறேன், அது இந்த வகைதானா என்று சொல்லுங்கள். 82 வயது. அடிக்கடி சிறுநீர் அவசரம் என்று சோலிஃபெனசின் கொடுத்தார்கள், இரவில் எழுவது குறைந்தது, நிம்மதி. கால் எரிச்சலுக்கு வேறொரு மருந்தகத்தில் இரவுக்கு அமிட்ரிப்டிலின். இது போதாதென்று சளி பிடித்து, கீழ்த்தளத்துக் கடையில் நானே ஒரு சளி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் இரவு ஒன்றரை மணிக்கு எழுந்து, கதவருகே நின்று, 'பால்காரன் வந்திருக்கிறான், பாத்திரம் எடு' என்கிறார். இந்தப் பத்தாவது மாடியில் என்ன பால்காரன்? மலச்சிக்கல் வேறு. வாய் எப்படி வறண்டிருந்தது என்றால் பல்செட் நிற்கவில்லை. பணிப்பெண் பயந்து அழுதுவிட்டாள். வயசானால் இப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஓய்வுபெற்ற_மருந்தாளர்:

அம்மா, வயசு இல்லை. அது மூன்று மருந்து கூட்டுச் சேர்ந்தது. சோலிஃபெனசின் மூத்திரப்பையின் எம்3ஐ அடைக்க எடுப்பது, எம்3க்குக் கொஞ்சம் சார்பு உண்டு, அவ்வளவுதான். உடம்பில் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாகக் குறையும் நேரம், இரண்டு நாளைத் தொடும், ஆகவே இன்று நிறுத்தினால் இன்றே போகாது. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வு மருந்து என்ற பெயரில் வந்தாலும் மஸ்கரினிக் ஏற்பிகளை வஞ்சனையில்லாமல் அடைக்கும். கடையில் வாங்கும் பல சளி மாத்திரைகளில் குளோர்ஃபெனிரமின் இருக்கும், அதுவும் அப்படியே. ஒவ்வொன்றும் தனியாகத் தாங்கக்கூடியது, மூன்றும் சேர்ந்தால் வீட்டுக்குள் ஊமத்தை. முதுமையில் மூளையின் வேலியும் தளர்ந்திருக்கும்.

அப்புறம் என்ன செய்தீர்கள்?

தோபாயோ_அக்கா:

எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். அங்கிருந்த மருந்தாளர் பெண் மேசையில் பரப்பி வைத்து இரண்டே நிமிடத்தில் மூன்றைத் தனியாக நகர்த்தினாள். டாக்டர் சளி மாத்திரையை உடனே நிறுத்தினார், கால் மருந்தைப் படிப்படியாகக் குறைத்தார், மூத்திரப்பைக்கு மஸ்கரினிக் பக்கமே போகாத மிராபெக்ரான் எழுதினார். பத்து நாளில் மாமியார் பழையபடி என் ரசத்தில் புளி கூடிவிட்டது என்று குறை சொல்ல ஆரம்பித்தார். இவ்வளவு சந்தோஷமாக நான் அந்தக் குறையைக் கேட்டதே இல்லை.

சும்மா_வந்தேன்:

இப்போது எனக்கும் ஒரு கேள்வி. என் அப்பாவுக்கு நுரையீரல் அடைப்பு, புகைத்த காலத்து வட்டி. தினம் ஒரு தடவை டியோட்ரோபியம் இழுக்கிறார். அதுவும் இந்தக் கும்பலா?

ஆய்வகத்து_எலி:

ஆமாம், அதுதான் கும்பலிலேயே எனக்குப் பிடித்த ஆள். டியோட்ரோபியம் எம்1, எம்2, எம்3 மூன்றையும் ஏறக்குறைய ஒரே இறுக்கத்தில் பிடிக்கிறது. பிடிப்பதில் பாரபட்சம் இல்லை, விடுவதில்தான். எம்2விலிருந்து பாதி கழன்றுவிட மூன்றரை மணி நேரம் சொச்சம், எம்3விலிருந்து கழல 35 மணி நேரம். மூச்சுக்குழாயைச் சுருக்குவது எம்3. எம்2வோ நரம்பு முனையில் உட்கார்ந்து 'போதும், இனி சுரக்காதே' என்று அசிட்டைல்கோலினை அடக்குவது, அதை அடைத்தே வைத்திருந்தால் நமக்குத்தான் நஷ்டம். வேண்டாததைச் சீக்கிரம் விட்டுவிட்டு வேண்டியதை ஒன்றரை நாள் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதனால் நாளுக்கு ஒரு முறை போதும். அப்பாவிடம் இழுத்த பிறகு வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள், கைபட்டுக் கண்ணில் போய்விடாமலும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், கண்மணி விரிந்து பார்வை மங்கும்.

பொங்கோல்_அப்பா:

எல்லாம் சரி, என் மகள்? நாளை மறுநாள் கண் டாக்டரிடம் போகிறோம். அட்ரோபின் எந்த ஏற்பியையும் பொறுக்கி எடுக்காது என்கிறீர்கள், அதைத் தினமும் குழந்தை கண்ணில் விடுகிறேன். மனைவி இந்த இழையைப் படித்துவிட்டு ஊமத்தை என்ற இடத்தில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஆய்வகத்து_எலி:

அளவைப் பாருங்கள். 0.01 விழுக்காடு சொட்டு ஒன்றில் சுமார் 5 மைக்ரோகிராம் அட்ரோபின். 1 விழுக்காடு சொட்டு என்றால் அதைப்போல நூறு மடங்கு, அரை மில்லிகிராம், இதயம் மெதுவாகும்போது ஊசியில் போடும் அளவுக்கு வந்துவிடும். சிங்கப்பூரில் 400 பிள்ளைகளிடம் நடந்த, ATOM என்று பெயரிட்ட முதல் அட்ரோபின் ஆய்வில் போட்டது அந்த 1 விழுக்காடு. இரண்டு வருடத்தில் மருந்தில்லாத பொய்ச்சொட்டு போட்ட கண்களுக்கு 120 டிகிரி கூடியது, மருந்து போட்டவற்றுக்கு 28. அபாரம்தான், ஆனால் கண்மணி விரிந்து வெயிலில் கண் கூசும், கிட்ட வைத்துப் படிக்க முடியாது. அதற்குப் பிந்திய ஆய்வில் 0.5, 0.1, 0.01 மூன்றையும் ஒப்பிட்டார்கள். மருந்தை நிறுத்திய அடுத்த வருடம்தான் ஆச்சரியம்: 0.5 போட்டவர்களுக்கு 87 டிகிரி துள்ளியது, 0.01க்கு 28 மட்டும். அதனால்தான் குறைந்த அளவு பிரபலமானது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த 0.01இல் பவர் ஏறுவது குறைந்ததே தவிர கண்ணின் நீளம் வளர்வது அவ்வளவாகக் குறையவில்லை. ஹாங்காங் ஆய்வில் 0.05தான் முந்தியது, 2023இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 0.01க்கும் பொய்ச்சொட்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டியது இது விஷமா என்பதை அல்ல, இந்த அளவு என் பிள்ளைக்குப் போதுகிறதா, கண்ணின் நீளத்தை அளந்தீர்களா என்பதை.

உங்கள் அப்பாவின் மருந்துக்கும் வருகிறேன். சிங்கப்பூர் உட்பட ஆசியாவில் 353 பிள்ளைகளிடம் 2 விழுக்காடு பைரென்செபின் களிம்பு, 2005இல் முடிவு வந்தது. ஒரு வருடத்தில் வெறும் களிம்புக்கு 84 டிகிரி கூடியது, நாளுக்கு இரண்டு வேளை மருந்துக் களிம்புக்கு 47. கண்மணி அதிகம் விரியவில்லை, அங்கே பொறுக்கல் கொஞ்சம் உதவியது என்றே சொல்ல வேண்டும். ஆனால் தூங்கி வழியும் பிள்ளைக்குக் காலையும் மாலையும் களிம்பு தடவுவது எந்த வீட்டில் நடக்கும்? கண் மருந்தாகக் கடைக்கு அது வரவேயில்லை.

தோபாயோ_அக்கா:

பிள்ளையை வெளியே விளையாட அனுப்புங்கள் தம்பி, அதையும் டாக்டர் சொல்வார். பொங்கோலில் நீர்வழி இருக்கிறதே.

பொங்கோல்_அப்பா:

போய்வந்தோம். நீளம் அளந்தார்கள், ஆறு மாதத்தில் எதிர்பார்த்ததைவிடக் கூடியிருக்கிறது, 0.05க்கு மாற்றியிருக்கிறார், வெயிலில் கண் கூசினால் தொப்பி போடச் சொன்னார். எலியாரின் கேள்வியைக் கேட்டதும் டாக்டர் நிமிர்ந்து நீங்கள் என்ன படித்தீர்கள் என்றார். கணக்காய்வு என்றேன்.

மாத்திரைகளைப் பிரித்து எடுத்து மருந்தகத்தில் அழிக்கக் கொடுத்துவிட்டேன். காலி அட்டையை மட்டும் அம்மா திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். அது இப்போது மறுபடியும் தகரத்தில் இருக்கிறது, கடிதக் கட்டுக்கு அடியில்.